குரல் எனும் கைம்முதல்

முறையாகச் சங்கீதம் பயிலாதவர் நல்ல பாடகர் ஆக இயலுமா? வயது கடந்துவிட்டதே என்று தயங்கும் நம்மில் பலருக்கும் இவ்வையம் உண்டு. திருப்பதி, சித்தூர் வட்டாரம் இதற்கு விடை வைத்திருக்கிறது.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் காளத்தியில் பள்ளிப் படிப்பையும், திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா கலைக் கல்லூரியில் புகுமுக வகுப்பையும் பயின்றவர். தந்தையார் சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர். வீட்டில் இசை நிறைந்திருந்தும், மைந்தர் கர்நாடக இசையை முறையாகக் கற்றாரில்லை. எனினும், 1980இல் வெளிவந்த 'சங்கராபரணம்' படத்தின் இராகப் பாடல்களை அரிதின் முயன்று பாடித் தேசிய விருது பெற்றார். கூர்ந்து கேட்கும் செவியே பாடகரின் முதற்கருவி என்பதை இதனால் உணர்கிறோம்.

நாட்டுப்புற இசை கற்பிக்கும் பாடம் வேறு. சித்தூர்க் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடியவிடிய நடைபெறும். தொண்டையை நெரித்துக் கத்துபவரின் குரல் நள்ளிரவுக்குள் கம்மிவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பி, சொற்களைத் தெளிவாக விடுப்பவரே பொழுது புலரும்வரை நிலைப்பர். 15ஆம் நூற்றாண்டில் திருமலையில் பாடிய அன்னமாச்சாரியாரும் தாலாட்டு, உலக்கைப் பாட்டு முதலிய மக்கள் மெட்டுகளைத் தம் கீர்த்தனைகளில் ஏற்றார்.

நாம் செய்யத்தக்கவை எளியன. முதலில் நமக்கு இயல்பான சுருதியைக் கண்டறிய வேண்டும். விரும்பும் பாடகரின் சுருதியை எட்ட முயல்வது குரலைக் கெடுக்கக்கூடும். நாள்தோறும் காலையில் தம்புராச் சுருதியோடு ஆதார ஷட்ஜத்தை நீள இசைத்தல், கீழ் ஸ்வரங்களில் தொடங்கி மெல்ல மேலேறுதல், பாடலின் வரிகளை முதலில் பேசிப் பார்த்துப் பின்னர்ப் பாடுதல் ஆகிய மூன்றுக்கும் இருபது நிமிடம் போதும். பாடியதை அலைபேசியில் பதிந்து கேட்டால், நம் பிழையை நாமே அறியலாம். அடிக்கடி நீர் அருந்துதல் நன்று. குரல் கம்மினால் மௌனமே மருந்து. மூன்று வாரம் கடந்தும் தெளியாவிடில் காது மூக்கு தொண்டை மருத்துவரை நாடுதல் வேண்டும்.

குரலும் ஒரு சேமிப்பே. ஒரே நாளில் பெருந்தொகை இட்டுப் பின்னர் மறப்பவரைவிட, நாள்தோறும் சிறிது இடுபவரே வளம் காண்பர். நாளைக் காலையே நம் கணக்கைத் தொடங்குவோம்.