கை கற்கும் கோடை

கோடை வந்தால் அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியிலுள்ள பென்லாந்து கைவினைப் பள்ளிக்குப் பலர் பயணமாகின்றனர். பிழைப்புக்கு வேறு தொழில் உடையோரும் அங்கே சில நாள் தங்கி நெசவும், அச்சுக்கலையும், மட்பாண்டக் கலையும் பயில்கின்றனர். பள்ளி பட்டம் எதுவும் வழங்குவதில்லை. ஆர்வம் ஒன்றே அவர்களை அழைத்துவருகிறது.

ஆனால் அப்பள்ளியின் வேர் பொழுதுபோக்கில் இல்லை, அன்பர்களே! 1920-இல் அவ்வூருக்கு ஆசிரியையாக வந்தவர் லூசி மார்கன். மலைநாட்டுப் பெண்கள் வருவாய்க்கு வழியின்றி இருப்பதையும், பழைய கைத்தறி நெசவு மறைந்துவருவதையும் அவர் கண்டார். 1923-இல் கென்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியில் தாமே நெசவு கற்றுத் திரும்பினார். வீடுகளுக்குத் தறியும் நூலும் அளித்து, நெய்தவற்றை விற்றும் கொடுத்தார். 1929-இல் நெசவு வல்லுநர் எட்வர்ட் வோர்ஸ்ட் பயிற்சியளிக்க வந்தபோது வெளியூராரும் கற்க விரும்பினர், பள்ளி உருவாயிற்று.

தறியில் அமர்ந்த புதியவர் முதலில் கற்பது பொறுமையே. பாவு ஒரே சீராக இழுபட்டு நிற்காவிடில் துணி கோணும். மரக்கட்டையில் அச்சு வெட்டுபவரோ எழுத்தை இடம் வலமாக மாற்றிச் செதுக்கவேண்டும். செதுக்கி நீக்கிய இடம் வெண்மையாகும். விட்டுவைத்த மேடே மையை ஏற்கும். தவறி விழுந்த வெட்டு மீண்டும் கூடாது.

இவ்வாறு ஒரு முழத் துணியேனும் தம் கையால் நெய்தவர், நெசவாளியிடம் விலையைக் குறைத்துக் கேட்க நாணுவார். பிறர் உழைப்பின் மதிப்பைக் கையே மனத்திற்குக் கற்பிக்கிறது. விடுமுறையில் நம் பிள்ளைகளும் ஏதேனும் ஒரு கைத்தொழிலைத் தொட்டுப் பார்க்கட்டுமே!