மகன் தரும் சிறுநீரகம்

இண்டூரில் என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அண்மையில் கலங்கிய முகத்துடன் வந்தார். "ஐயா, அம்மாவுக்குச் சிறுநீரகம் தர நான் இசைந்துவிட்டேன். இரத்த வகையும் ஒன்றே. ஆயினும் மருத்துவர் தயங்குகிறாரே!" என்றார்.

இரத்த வகை ஒத்தால் மட்டும் போதாது. நம் உயிரணுக்களின்மேல் எச்.எல்.ஏ. எனும் அடையாளப் புரதங்கள் உள. மகன் அவற்றில் பாதியைத் தந்தையிடமிருந்து பெறுகிறான். கருவுற்ற காலத்தில் மகவின் அணுக்கள் சில தாயின் குருதியிற் கலக்கும். தந்தைவழி அடையாளங்களை அயலெனக் கொண்டு தாயுடல் எதிர்ப்பொருள்களை ஆக்கிவிடுவதுண்டு. ஈன்ற உடலே மகனை அயலானாகக் கருதுவது விந்தையன்றோ! குருதியேற்றமும், முன்னர்ப் பெற்ற மாற்றுறுப்பும் இவ்வாறே எதிர்ப்பொருளை வளர்க்கக்கூடும். ஆதலின், தருபவரின் வெள்ளணுக்களைப் பெறுபவரின் சீரத்தோடு கலந்து சோதிக்கின்றனர். வலிய எதிர்ப்பொருள் இருப்பதறியாது பொருத்தினால், சில நிமிடங்களிலேயே சிறுநீரகம் அழியக்கூடும்.

1954-ல் பாஸ்டனில் இச்சிகிச்சை வென்றது, இருவரும் ஒருகரு இரட்டையராதலின். நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-ல் வெற்றி கிட்டியது. எதிர்ப்பை அடக்கும் மருந்தை இடையில் நிறுத்தினால் புதிய எதிர்ப்பொருள்கள் எழக்கூடும்.

உடன்பிறந்தாரிடையே எச்.எல்.ஏ. முழுதும் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அவ்வம்மையாரின் தமக்கையும் இப்போது சோதனைக்கு இசைந்துள்ளார்; முடிவு இன்னும் வரவில்லை.