பவளப்பாறைகளிடையே நீர்மூழ்குதல்: கரையேறிய பின்னும் கவனம் தேவை

அந்தமான் போன்ற இடங்களில் ஸ்கூபா கருவியுடன் கடலில் மூழ்கிப் பவளப்பாறைகளைக் காண்போர், கரையேறியதும் ஆபத்து முற்றிலும் நீங்கியதாகக் கருதக் கூடாது.

நோய் எவ்வாறு ஏற்படுகிறது?
10 மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம், கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் இருமடங்காகும். அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழ்களாக மாறி மூட்டுகளையும் நரம்புகளையும் பாதிக்கும். இதுவே அழுத்தக்குறைவு நோய்.

அறிகுறிகள்
மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், கைகால் தளர்ச்சி, சிறுநீர் கழிக்க இயலாமை. இவை பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் தோன்றும்; களைப்பு என எண்ணி உறங்கிவிடாதீர்கள்.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை
• பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்து, ஆக்சிஜன் கிடைக்கச் செய்யுங்கள்.
• மீண்டும் நீரில் இறக்காதீர்கள்.
• உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மூழ்கிய ஆழத்தையும் நேரத்தையும் தெரிவியுங்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை தேவைப்படலாம்.

தடுக்கும் வழிகள்
• ஆஸ்துமா, இதயநோய், வலிப்புநோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி மூழ்கக் கூடாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.
• நீருக்குள் மூச்சை அடக்காதீர்கள். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மெதுவாக மேலேறுங்கள்.
• ஒருமுறை மூழ்கியவர்கள் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர்கள் 18 மணி நேரமும் கழியும் முன் விமானம் ஏறக் கூடாது.

பவளத்தைத் தொடாதீர்கள்
பவளம் உயிருள்ளது, உடைந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகளாகும். அது கீறிய புண்ணில் துணுக்குகள் தங்கிச் சீழ் பிடிக்கலாம். தூய நீரால் நன்கு கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.