ஃப்ளைட் கேன்சல் ஆச்சா? அந்த எஸ்எம்எஸ் லிங்க்கை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



அப்பாவோட அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்ல. சனிக்கிழமை காலை 9 மணிக்கு முகூர்த்தம். எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் புனேல ஆடிட். ராத்திரி 9.40 ஃப்ளைட்டைப் பிடிச்சா நடுராத்திரிக்குள்ள சென்னை, அங்கிருந்து கார், விடியறப்போ கோயில் வாசல்ல நிக்கலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். கணக்குப் போடறதுதானே நம்ம பொழைப்பு!

9.40 முதல்ல 10.50 ஆச்சு. அப்புறம் 11.45. அப்புறம் 12.30. ஒரு மணிக்கு போர்டுல 'கேன்சல்ட்'. கவுன்ட்டர்ல ஒரே கூட்டம், சத்தம். "நாளைக்கு மதியம் 2 மணி ஃப்ளைட்ல இடம் தர்றோம், சம்மதம்னா இந்த லிங்க்கை அமுக்குங்க"ன்னு எல்லாருக்கும் எஸ்எம்எஸ் வந்தது. என் பக்கத்துல நின்ன தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் இருக்கும், டக்குனு அமுக்கிட்டார். நான் அமுக்கலை. எனக்கும் அவருக்கும் வித்தியாசம் 4,820 ரூபாய்.

அது எங்கிருந்து வந்த பணம்னு சொல்றேன்.

நம்ம நாட்டுல விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துற டிஜிசிஏ, 2010லயே இதுக்குன்னு ஒரு விதி போட்டிருக்கு. பிரிவு 3, சீரிஸ் எம், பகுதி 4. புகார் எழுதும்போது இந்தப் பேரை அப்படியே எழுதுங்க, பதில் வர்ற தொனியே மாறும். விதியோட சாரம் இது: கேன்சல் ஆகுறதை ஏர்லைன் முன்கூட்டியே சொல்லணும். குறைஞ்சபட்சம் 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லிட்டா, மாற்று ஃப்ளைட் இல்லேன்னா ரீஃபண்ட், அவ்வளவுதான். சொல்லாம விட்டா, மாற்று ஃப்ளைட் தரணும். அல்லது முழு ரீஃபண்டும், அதுக்கு மேல இழப்பீடும் தரணும்.

அந்த 'அல்லது'தான் இங்க விஷயமே. மாற்று ஃப்ளைட்டுக்குச் சம்மதம் சொல்லிட்டா, இழப்பீடு கேட்கிற இடத்துல இருந்து நீங்களே நகர்ந்துட்டீங்க. இதை கவுன்ட்டர்ல யாரும் விளக்க மாட்டாங்க. ராத்திரி ஒரு மணிக்கு நமக்கும் கேட்கத் தோணாது.

இழப்பீடு எவ்வளவு? பயண நேரம் ஒரு மணி நேரம் வரைக்கும்னா 5,000. ரெண்டு மணி நேரம் வரைக்கும்னா 7,500. அதுக்கு மேல 10,000. எல்லாரும் இந்த நம்பரைப் பார்த்துட்டு சந்தோஷப்படுவாங்க. கூடவே ஒரு கொக்கி இருக்கு: இந்தத் தொகை, இல்லேன்னா உங்க டிக்கெட்டோட அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, ரெண்டுல எது குறைவோ அதுதான். புனே-சென்னை ரெண்டு மணி நேரத்துக்குள்ள. அதனால எனக்கு உச்சவரம்பு 7,500. ஆனா நான் கட்டின 5,980ல அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் சேர்ந்து 4,820தான். மீதியெல்லாம் ஏர்போர்ட் கட்டணம், ஜிஎஸ்டி வகையறா. ஆக 4,820. ஆஃபர்ல 1,999க்கு டிக்கெட் போட்டவருக்கு அதைவிடக் குறைவாத்தான் வரும்.

அப்போ எப்பவும் ரீஃபண்டே வாங்கணுமா? கண்டிப்பா இல்லை. உடனே இன்னொரு ஏர்லைன்ல என்ன விலைன்னு பாருங்க. எனக்குக் காலை 6.05 ஃப்ளைட் 11,350க்குக் கிடைச்சது. ரீஃபண்டும் இழப்பீடும் சேர்ந்து 10,800. கையை விட்டுப் போனது 550 ரூபாய். மதியம் 2 மணி ஃப்ளைட்டைவிட எட்டு மணி நேரம் முன்னாடி போய்ச் சேரலாம். அந்த விலை 18,000 இருந்திருந்தா, அவசரம் இல்லாத நாளா இருந்திருந்தா, நானும் பேசாம லிங்க்கைத்தான் அமுக்கியிருப்பேன்.

அடுத்தது, காரணம். மோசமான வானிலை, ஏர் டிராஃபிக் கன்ட்ரோல், பாதுகாப்பு அச்சுறுத்தல், அரசு உத்தரவு, ஸ்டிரைக் மாதிரி ஏர்லைன் கையில இல்லாத காரணம்னா இழப்பீடு கிடையாது. அதனாலயே, என் முதல் மெயிலுக்கு 'ஏர் டிராஃபிக் காரணமாக'ன்னு ஒரு பதில் வந்தது. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த எஸ்எம்எஸ்ல இருந்த வார்த்தை 'ஆபரேஷனல் ரீசன்'. அதே நேரத்துல புனேல இருந்து வேற ஏர்லைன்கள் கிளம்பிக்கிட்டுத்தான் இருந்தது. டிஸ்ப்ளே போர்டை போட்டோ எடுத்து வச்சிருந்தேன். ரெண்டையும் இணைச்சு அனுப்பினேன்.

2021ல ஒரு ரயில் தாமத வழக்குல உச்ச நீதிமன்றம் ஒண்ணு சொல்லியிருக்கு: தாமதம் தன் கட்டுப்பாட்டுல இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது சேவை தந்தவங்கதான், இல்லேன்னா இழப்பீடு தரணும். ரயில் வழக்குதான், ஆனாலும் ஏர்லைன்கிட்ட வாதாடும்போது இந்தத் தர்க்கம் கை கொடுக்கும். அதனால ஃப்ளைட் தள்ளிப் போக ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து எல்லா எஸ்எம்எஸ்ஸுக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க, டாக்ஸி பில், சாப்பாட்டு பில் எல்லாம் வச்சுக்கோங்க.

டிலே ஆனா காசு வருமா?

வராது. உள்நாட்டு ஃப்ளைட் வெறும் தாமதத்துக்கு டிஜிசிஏ விதியில ரொக்க இழப்பீடு இல்லை. இரண்டரை மணி நேரத்துக்குள்ள முடியற ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட்டானா சாப்பாடு தரணும். 6 மணி நேரத்துக்கு மேலன்னா மாற்று ஃப்ளைட் அல்லது முழு ரீஃபண்ட். ராத்திரி 8ல இருந்து 3 மணிக்குள்ள கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போனா ஹோட்டல். சில ராத்திரிகள்ல ஃப்ளைட்டை கேன்சல் பண்ணாம இழுத்துக்கிட்டே போறதுக்கு இதுவும் ஒரு காரணமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம்தான்.

ஓவர்புக்கிங்னு சொல்லி உங்களை ஏத்தாம விட்டா கதை வேற. ஒரு மணி நேரத்துக்குள்ள வேற ஃப்ளைட் தரலைன்னா, 24 மணி நேரத்துக்குள்ள அனுப்பினா அடிப்படை, எரிபொருள் கட்டணத்தோட 200 சதவீதம், அதிகபட்சம் 10,000. அதையும் தாண்டினா 400 சதவீதம், அதிகபட்சம் 20,000.

வவுச்சர் வேணுமா, காசு வேணுமா?

காசு. ரீஃபண்டை கிரெடிட் ஷெல்லா வச்சுக்கறது பயணியோட விருப்பம், ஏர்லைன் தானா அப்படிப் போடக் கூடாதுன்னு விதியே சொல்லுது. ஒரு சிஏவா இதை எப்படிப் பார்க்கிறேன்னா, கிரெடிட் ஷெல்னா நீங்க ஏர்லைனுக்கு வட்டியில்லாம, அடமானம் இல்லாம குடுக்குற கடன். 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னுச்சு. 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் நின்னுச்சு. அதுல பணம் மாட்டிக்கிட்டவங்களைக் கேட்டுப் பாருங்க. 2025 டிசம்பர்ல இண்டிகோ ஃப்ளைட்கள் கொத்துக் கொத்தா ரத்தானப்போ, ரொம்பப் பாதிக்கப்பட்டவங்களுக்கு 10,000 ரூபாய் வவுச்சர் அறிவிச்சாங்க. அது விதிப்படி வர்ற இழப்பீட்டுக்கு மேல தனியா குடுத்தது. அதனால வவுச்சர் வந்துடுச்சேன்னு இழப்பீட்டை விட்டுடாதீங்க.

கம்பெனி டிராவல் டெஸ்க் மூலமா டிக்கெட் போடறவங்க இதைக் கவனிங்க. புக்கிங்ல உங்க மொபைல் நம்பர் இருக்கா, டெஸ்க்கோட நம்பர் இருக்கான்னு பாருங்க. சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு தர வேண்டியதில்லைன்னு விதியில இருக்கு. எஸ்எம்எஸ் டெஸ்க்குக்குப் போயிட்டு, நீங்க ஏர்போர்ட்ல போய் நின்னா வாதாடறது கஷ்டம். இன்னொண்ணு, ரீஃபண்ட் ஆன டிக்கெட்டை எல்டிஏ பில்லா குடுத்துடாதீங்க. சிரிக்காதீங்க, நான் பார்த்திருக்கேன்.

ஆன்சைட் போறவங்களுக்கு ஒரு வரி. ஐரோப்பிய யூனியன்ல இருந்து கிளம்புற எந்த ஏர்லைனுக்கும் அவங்க 261/2004 விதி பொருந்தும். பிராங்ஃபர்ட்-சென்னை ஃப்ளைட் ஏர்லைன் தவறால 4 மணி நேரத்துக்கு மேல லேட்டா வந்து சேர்ந்தா 600 யூரோ. திரும்பிப் போற பக்கம், ஐரோப்பிய ஏர்லைனா இருந்தாத்தான் பொருந்தும்.

கேட்கிற வழி

முதல்ல ஏர்லைனுக்கு மெயில். பதில் சரியில்லைன்னா, அவங்க வெப்சைட்டிலேயே இருக்கிற நோடல் ஆபீசருக்கு. அதுக்கப்புறம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தோட ஏர்சேவா. எனக்கு அங்க போட்ட பிறகுதான் வேலை நடந்தது. மொத்தம் ஏழு வாரம். அதுக்கும் மசியலைன்னா 1915க்கு போன் பண்ணுங்க, இல்லேன்னா இ-ஜாக்ரிதில நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க. நீங்க இருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ரெண்டு வருஷம் டைம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. டிஜிசிஏ அட்டவணையில இல்லாத செலவுகளை, என்னோட 550 மாதிரி, கேட்கிற இடமும் அதுதான். நான் 550க்குப் போகலை. உங்களுக்கு 20,000 போயிருந்தா போங்க.

அன்னிக்கு நான் திருக்கடையூர் போய்ச் சேர்ந்தப்போ மணி ஒண்ணே முக்கால். கடைசிப் பந்தி நடந்துக்கிட்டு இருந்தது. அப்பா மாலையைக் கழட்டாம உட்கார்ந்திருந்தார், "நீ வந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னுதான்டா"ன்னார். ஏழு வாரம் கழிச்சு 4,820 கிரெடிட் ஆன அன்னிக்கு, அந்த போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணி வீட்டுக்கு அனுப்பினேன். 1,400 ஆச்சு.