தானே நீர் பருகும் தொட்டி

குழித்தறியில் அமர்ந்தவர் அடிக்கடி எழுந்து செல்ல இயலாது. இராசிபுரத்துச் சித்திரை வெயிலில், காலையில் தொட்டிச் செடிக்கு ஊற்றிய நீர் நண்பகலுக்குள் வற்றிவிடுகிறது. மாலையில் தறியை விட்டு எழும்போது தக்காளி நாற்று தலைசாய்ந்து கிடக்கும். நெசவாளர் இல்லங்களில் காய்கறித் தொட்டிகள் நீடிக்காமற் போவதற்கு இதுவே முதற் காரணம் என்பது நமது எண்ணம். ஆகவே செடி தனக்கு வேண்டும் நீரைத் தானே எடுத்துக்கொள்ளும் தொட்டியொன்றை அங்கத்தினர்களுக்கு இங்கு விளக்குகின்றோம்.

இம்முறை புதியதன்று. மெருகிடாத மண்குடத்தைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி, அதைச் சுற்றிப் பயிரிடும் வழக்கம் பற்றிச் சீன நாட்டில் ஃபான் ஷெங்-சி என்பவர் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கின்றார். நம் நாட்டில் 1970-களில், கர்னாலிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். சி. மண்டல் இதனை ஆராய்ந்தார். மண் உலர உலர, குடத்தின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். தோட்டமுடையோர்க்கு இது ஏற்றது.

முற்றமே இல்லாதவர்க்கு இரண்டு வாளிகள் போதும். சாயமோ மருந்தோ இருந்த வாளி ஆகாது. கீழ் வாளியினுள் செங்கல் வைத்து, அதன்மீது மண் நிரப்பும் வாளியை அமர்த்துக. இடைப்பட்ட வெளியே நீர்த்தேக்கம். மேல் வாளியின் அடியில் துளையிட்டுத் திரியைச் செலுத்தி, ஒரு பாதி மண்ணிலும் மறு பாதி நீரிலும் இருக்குமாறு விடுக. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீர் ஏறும். மண்ணின் ஊடே ஒரு குழாயை இறக்கி, அதன் வழியாகக் கீழே நீர் ஊற்றலாம். மேல் வாளியின் அடிமட்டத்திற்குச் சற்றுக் கீழே, வெளி வாளியில் ஒரு வடிதுளை இன்றியமையாதது. இல்லையேல் மழைநாளில் வேர் அழுகும்.

திரிதான் இதன் உயிர். அதனை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பாவு முடிந்தபின் பருத்தித் தறியில் எஞ்சும் சாயமிடாத நூல் துண்டுகளை விரல் பருமனாக முறுக்கினால் ஆயிற்று. ஆனால் அவற்றை அப்படியே இட்டால் நீர் எளிதில் ஏறாது. கோரா நூலில் இயற்கையான மெழுகு உண்டு. பாவு நூலில் கஞ்சியும் சேர்ந்திருக்கும். சலவைச் சோடா கலந்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து நன்கு அலசுக. பின்னர் ஒரு முனையை நீரில் வைத்துப் பார்த்தால், ஈரம் விரைந்து ஏறுவது கண்ணுக்கே தெரியும். பருத்தி மக்கும் பொருளாதலால் பயிருக்குப் பயிர் திரியை மாற்றுதல் நன்று.

களிமண் இதற்கு உதவாது. செம்மண், மட்கிய எரு, நன்கு அலசிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. வாளிக்கு ஒரு தக்காளி அல்லது கத்தரி போதுமானது. ஆசைப்பட்டு மூன்று நட்டால் மூன்றும் நலியும். நட்டவுடன் சில நாள் மேலிருந்தே நீர் விடுக. வேர் இறங்கிய பிறகே திரியை நம்பலாம்.

கிணற்று நீர் உப்பாயின் மேல்மண்ணில் வெண்மை படியும். மாதம் ஒருமுறை மேலிருந்து நல்ல நீர் ஊற்றி, வடிந்த நீரைக் கொட்டிவிடுக. குழாயின் வாயையும் வடிதுளையையும், இரு வாளிகளின் விளிம்பிடை இடைவெளியையும் வலைத்துணியால் மூடிக் கட்டவேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய தேங்கு நீரிலேதான் முட்டையிடுகிறது.