உஷார்! உங்களைக் கேள்வியே கேட்காத இன்டர்வியூ

மக்கா, இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனில் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருநெல்வேலி வண்டிக்கு நிற்கும் பிள்ளைகளுக்கும், நகையை அடகு வைத்து அவர்களை அனுப்பும் பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வது என்று கண்ணாடி முன் பேசிப் பார்ப்பது நல்லதுதான். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கூப்பிட்டவன் யார் என்று விசாரியுங்கள்!

2022-இல் டெல்லியில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 28 பேர், பெரும்பாலும் இன்ஜினீயரிங், தொழில்நுட்பப் படிப்பு முடித்தவர்கள். டி.டி.இ., கிளார்க் என்று ரயில்வே வேலை ஆசை காட்டி டெல்லிக்கு வரவழைத்தார்கள். மெடிக்கல் நடந்தது. சர்டிபிகேட் சரிபார்த்தார்கள். ட்ரெய்னிங் ஆர்டரும் அடையாள அட்டையும் கையில் கொடுத்தார்கள். கொடுத்த காகிதம் அத்தனையும் போலி. ட்ரெய்னிங் என்ன தெரியுமா? புது டெல்லி ஸ்டேஷனில் நின்று, வருகிற போகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணுவது! தினம் 8 மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம். அதற்காகத் தலைக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை, மொத்தம் 2.67 கோடி ரூபாய் கட்டியிருந்தார்கள்.

படித்த பிள்ளைகள் இப்படியா ஏமாறுவது என்று சிரித்துவிடாதீர்கள். அவர்களைக் கூட்டிப்போனவர் வயதான முன்னாள் ராணுவ வீரர். அவருக்கும் விஷயம் தெரியாது. கடைசியில் டெல்லி போலீஸின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்ததே அவர்தான். எனக்குப் பயமே இங்கேதான். மோசடிக்காரன் நேராக நம் வாசலுக்கு வருவதில்லை; நாம் மதிக்கிற ஒருவரை முதலில் நம்ப வைத்து, அவர் வாயாலேயே நம்மைக் கூப்பிடுகிறான். "நம்ம அண்ணாச்சியே சொல்லுதாரு, பொறகென்ன?" என்று வீட்டில் பேச்சு முடிந்துவிடும். அண்ணாச்சி நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குச் சொன்னவன் யார்?

ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி பேர் தப்பிக்கலாம். மத்திய அரசில் குரூப் சி பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. டிக்கெட் கிளார்க் போன்ற வேலைக்கெல்லாம் ரயில்வே தேர்வு வாரியத்தின் கம்ப்யூட்டர் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, அவ்வளவுதான். நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ம் எழுத்துத் தேர்வுதான், வி.ஏ.ஓ. வேலைக்கு நேர்முகம் இல்லை. ஆகவே "ரயில்வே கிளார்க் இன்டர்வியூவில் ஆள் வைத்திருக்கிறேன்" என்று ஒருவன் சொன்னால், இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் கேட்கிறான் என்று அர்த்தம்.

தனியார் வேலையில் இன்டர்வியூ உண்டு, அதனால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற கம்பெனிகளே, ஆள் எடுக்க நாங்கள் காசு வாங்குவதில்லை என்று தங்கள் இணையதளத்தில் எச்சரித்திருக்கின்றன. அப்படியிருக்க, லேப்டாப்புக்கு டெபாசிட், யூனிஃபார்முக்கு 3,000, பின்னால் திருப்பித் தருவோம் என்று எவன் கேட்டாலும் போனை வையுங்கள். மெயில் கம்பெனி முகவரியிலிருந்து வந்ததா, யாரும் தொடங்கக்கூடிய ஜிமெயிலிலிருந்து வந்ததா? கம்பெனியின் இணையதளத்தை நீங்களே தேடிப் போய், அங்குள்ள நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் அனுப்பிய லிங்கிலுள்ள நம்பருக்கு அல்ல. அதையும் கிளம்புவதற்கு முந்தின நாளே கேட்டுவிடுங்கள். சென்னை கிளாம்பாக்கத்தில் இறங்கி நின்றுகொண்டு கேட்டு என்ன பயன்?

உண்மையான இன்டர்வியூவில் உங்களைத் துருவுவார்கள். படித்தது, செய்த புராஜெக்ட், தெரியாத இடம் எல்லாம் வெளியே வரும். வியர்க்கும். வாட்ஸ்அப்பில் பத்து நிமிஷம் பேசிவிட்டு, டைப்பிங் மட்டும் பார்த்துவிட்டு, "செலக்ட் ஆயிட்டீங்க, பாஸ்போர்ட் அனுப்புங்க" என்றால் சந்தோஷப்படாதீர்கள். பதற வேண்டிய நேரம் அதுதான். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று போனவர்களைத் தரைவழியாக மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். வெளிநாடு என்றால் ஏஜென்டின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகவே கூடாது. மாநில அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. சொல்லாதீர்கள். இன்டர்வியூவுக்கு என்று சொல்லி, போன் திரையை அவர்கள் பார்க்கும்படியான ஆப்பை ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள்.

ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டீர்களா? ஊருக்குத் தெரிந்தால் அவமானம் என்று மூடி மறைத்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடிவிடும். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அவன் தந்த ஆர்டர் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். அந்த அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். யார் மூலம் வந்தது என்று சொல்ல அவர் வேண்டும்.