நான்கு வாட்டும் நாலடிக் கம்பியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளிலே ஐம்பத்து மூன்று அடி நீளமுள்ள பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு இரவு பகலாய் ஓடும் டிரெய்லர் லாரிகளில், சாரதியின் தலைக்கு மேலே கண்ணாடியை ஒட்டிய தட்டில், சுருள் கம்பியில் மைக் தொங்கும் ஒரு சிறிய பெட்டி இருப்பதைக் காணலாம். பொதுமக்கள் உபயோகத்துக்கென்று அந்நாட்டுச் செய்தித் தொடர்பு ஆணையம் 27 மெகாஹெர்ட்ஸை அடுத்த அலைவரிசைகளை 1958-ல் ஒதுக்கியபோது பிறந்தது இந்த ஸி.பி. வானொலி. ஆதியில் இருபத்து மூன்று சானல்கள், 1977-லிருந்து நாற்பது. முதலில் வேண்டியிருந்த லைசென்ஸும் 1983-ல் ரத்தாகிவிட்டது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி மூண்டு, அதைத் தொடர்ந்து மணிக்கு ஐம்பத்தைந்து மைல் என்ற வேகக் கட்டுப்பாடும் வந்து சேர்ந்தபோது, டீசல் எந்த நிலையத்தில் கிடைக்கும், போலீஸார் எந்த வளைவில் மறைந்திருக்கிறார்கள் என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளப் போய், அது தேசமெங்கும் ஒரு மோகமாகவே பரவியது. ஜனாதிபதி போர்டின் மனைவியார் பெட்டி போர்டுகூட, 1976 தேர்தல் பிரசாரத்தில், 'பர்ஸ்ட் மாமா' என்ற புனைபெயருடன் அந்த அலையில் பேசினார்.

கைத்தொலைபேசி வந்த பிறகு அந்த மோகம் தணிந்தது உண்மையே. ஆயினும், முன்னே போகும் லாரிக்காரனுடைய பெயரோ எண்ணோ தெரியாமல், 'மூன்றாவது மைலில் பாதை அடைபட்டிருக்கிறது, இடப்பக்கமாக ஒதுங்கு' என்று அவனிடமிருந்தே கேட்டறிவதற்கு இதைவிட எளிய சாதனம் இன்னும் தோன்றவில்லை. வர்த்தக வாகனங்களை ஓட்டுவோர் தொலைபேசியைக் கையில் பிடித்துப் பேசலாகாது என்று 2012-ல் வந்த மத்திய அரசின் விதியும் ஸி.பி. வானொலியைத் தொடவில்லை. சாரதிகள் கூடிப் பேசுவது பத்தொன்பதாம் சானல். ஒன்பதாவது ஆபத்து உதவிக்கென்று ஒதுக்கப்பட்டது.

பெட்டி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மயங்குவது ஓரிடத்தில்தான். வழக்கமான முறையில் நான்கு வாட்டுக்கு மேற்பட்ட சக்தியுடன் ஒலிபரப்பச் சட்டம் இடந்தராதபடியால், விலை மலிந்த பெட்டியும் விலையுயர்ந்த பெட்டியும் வெளியே அனுப்பும் சக்தி ஒன்றேதான். அதிக விலையில் கிடைப்பது குரலின் தெளிவும், இரைச்சலை வடிகட்டும் திறனும், திருகுகளின் எண்ணிக்கையுமே. சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிபயரை இடையே கள்ளத்தனமாகச் சேர்ப்பவர்களும் உண்டு. அது சட்ட விரோதம் என்பதோடு, அண்டையிலுள்ளவர்களின் பேச்சையும் கெடுப்பது. குரல் எத்தனை தூரம் போகும் என்பதை நிர்ணயிப்பது வெளியே நிற்கும் ஆன்டெனாவும், அது பற்றி நிற்கும் இரும்புமே. ஆகவே பணத்தையும் பொறுமையையும் அங்கே செலவிடுவதே விவேகம்.

வீணையின் தந்திக்கு நீளத்தை ஒட்டிச் சுருதி அமைவதுபோல, ஆன்டெனாவுக்கும் அலைநீளத்தை ஒட்டிய அளவு உண்டு. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய பதினோரு மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது ஒன்பதடி உயரக் கம்பி, நன்றாக வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் வாகனத்தின் மொத்த உயரம் பதின்மூன்றரை அடிக்கு மிஞ்சக்கூடாது. ஆகவே, கண்ணாடியிழைத் தண்டின்மீது செம்புக் கம்பியைச் சுருளாய்ச் சுற்றி, நாலடிக்குள் ஒன்பதடியின் குணத்தை வரவழைத்திருக்கிறார்கள். பக்கக் கண்ணாடியைத் தாங்கும் இரும்புக் கரத்திலே இதைப் பொருத்துவது வழக்கம். தண்டின் மேற்பகுதியாவது கூரைக்கு மேலே தெரியவேண்டும். மறைந்து நின்றால் மறைந்த பக்கத்தில் குரல் மங்கும்.

இனி, பலரும் அலட்சியம் செய்யும் விஷயத்துக்கு வருவோம். ஆன்டெனா என்பது தண்டு மாத்திரம் அன்று. லாரியின் உலோக உடலே அதன் மறுபாதி. இக்காலத்து லாரிகளின் முன்பகுதி பெரும்பாலும் கண்ணாடியிழையாலும் பிளாஸ்டிக்காலும் ஆனதாலும், கண்ணாடிக் கரம் கதவில் பிணைந்திருக்க, கதவோ பெயிண்டும் கிரீஸும் படிந்த கீல்களில் மட்டுமே தொங்குவதாலும், பார்வைக்கு இரும்போடு இரும்பு சேர்ந்திருந்தும் மின்சாரத்துக்கு வழியில்லாமல் போய்விடுகிறது. கரத்தில் ஆன்டெனாவின் தாங்கி பதியும் இடத்தில் பெயிண்டைப் பளபளவென்று சுரண்டி, பல்வைத்த வாஷரை இட்டு இறுக்கி, அங்கிருந்து சேஸிஸ் வரைக்கும் பின்னல் செம்புப் பட்டை ஒன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் இக்குறை தீரும். தாங்கியின் நடுவிலுள்ள போல்ட் உடலைத் தொடாமல் காப்பதற்கு ஒரு நைலான் வாஷர் உண்டு. அதன் தோள் துவாரத்துக்குள் சரியாக இறங்காமல் சற்றே கோணிக்கொண்டால், எல்லாம் ஷார்ட்டாகிவிடும். தண்டைக் கழற்றிவிட்டு ஓம்மீட்டரால் சோதிக்கையில், தாங்கிக்கும் சேஸிஸுக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டியும், நடு போல்ட்டுக்கும் தாங்கிக்கும் இடையே தொடர்பே இல்லாமலும் முள் காட்டவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிவப்புக் கம்பியை பியூஸுடன் பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்கோ, இதற்கென்றே சில லாரிகளில் வைத்திருக்கும் முனைகளுக்கோ கொண்டுபோவது உத்தமம். சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகினால் இரைச்சலும் சேர்ந்தே வரும். சில சாரதிகள் இரு கண்ணாடிகளிலும் இரண்டு தண்டுகளை நாட்டி, 75 ஓம் கேபிள் இரண்டைச் சம நீளமாக, பதினெட்டடி வீதம் இட்டு இணைக்கிறார்கள். அப்போது முன்னும் பின்னும் சற்று அதிக தூரம் எட்டும். சாலையில் செல்பவனுக்கு வேண்டியதும் அதுவே. ஆயினும், லாரியின் உடலோடு சேரும் மண்ணிணைப்புச் சரியில்லாத இரட்டைத் தண்டைவிடச் செவ்வையாய்ப் பொருத்திய ஒற்றைத் தண்டே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாகச் சுருதி கூட்டும் வேலை. அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வந்து பெட்டியையே சுடுகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பெட்டிக்கும் கேபிளுக்கும் இடையில் வைக்கவேண்டும். கட்டடங்களும் மரங்களும் அருகில்லாத வெட்டவெளியில் லாரியை நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, தண்டருகே ஆள் இல்லாதபடி பார்த்து, மைக்கின் பொத்தானை அழுத்தி, முள் குறியிட்ட இடத்துக்கு வரும்வரை திருகைத் திருப்பி, பிறகு விசையை மறுபுறம் தள்ளிப் படிக்கவேண்டும். எல்லாம் சில விநாடிகளுக்குள். ஒன்றரை என்று காட்டினால் நூற்றுக்கு நான்கு பங்கே திரும்புகிறது. மூன்று என்றால் கால் பங்கு. முதல் சானலைவிட நாற்பதாம் சானலில் எண் பெரிதாயிருந்தால் தண்டு நீளம், குறைக்கவேண்டும். முதல் சானலில் பெரிதாயிருந்தால் குட்டை. நுனித்திருகைச் சற்று உயர்த்தவேண்டும். எல்லாச் சானலிலும் மூன்றுக்கு மேல் நின்றால் தண்டின்மேல் கைவைப்பதில் பிரயோஜனமில்லை. அந்த வாஷரையும் கேபிளையும்தான் மறுபடி பார்க்கவேண்டும். ஆன்டெனாவை இணைக்காமல் பொத்தானை அழுத்துவது பெட்டியின் டிரான்ஸிஸ்டரைக் கொல்லுவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் செய்த பிறகு, நிலத்தின் மேடுபள்ளத்தை அனுசரித்துச் சில மைல்கள் பேசலாம். சூரியனில் புள்ளிகள் மிகுந்த வருஷங்களிலோ, வானத்து அயனி மண்டலம் இந்த அலையைத் திருப்பி நிலத்துக்கு அனுப்புவதால், ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ளவர்களின் குரல்கள் பகலெல்லாம் வந்து மொய்க்கும். 155 மைலுக்கு அப்பால் பேசலாகாது என்றிருந்த பழைய தடையை ஆணையம் 2017-ல் நீக்கிவிட்டது. ஆனால் பக்கத்து லாரியோடு பேச விரும்புகிற சாரதிக்கு அந்தத் தூரத்துக் கும்பலால் உபத்திரவமே. அத்தகைய நாட்களில் ஸ்க்வெல்ச் திருகை நன்றாய் ஏற்றிவைத்து, அருகிலுள்ள பலத்த குரலை மட்டும் உள்ளே விடுவதைத் தவிர வேறு வழியில்லை.